பால் பல்தானே என்று விடாதீர்கள்

"பால் பல் எப்படியும் விழும், 6 வயது வரை துலக்கத் தேவையில்லை, பேஸ்ட் விஷம்." காட்பாடி, குடியாத்தம் பக்கம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

முன்பற்கள் 6, 7 வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பற்களோ 10–12 வயது வரை இருக்கும். நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை அவைதான். சொத்தையானால் வலி, சீழ், சாப்பாட்டு நேரத்தில் அழுகை.

முதல் பல் முளைத்ததுமே துலக்குங்கள். ஃப்ளோரைடு பேஸ்ட் 3 வயதுக்குள் ஓர் அரிசி அளவு, 6 வரை பட்டாணி அளவு. (விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நிறைய அல்ல!) பல நாள் அதிகமாக விழுங்கினால் நிலைப்பல்லில் வெண்திட்டு வரலாம், டியூப் உங்கள் கையிலேயே இருக்கட்டும். 7, 8 வயது வரை கூட நின்று துலக்கிவிடுங்கள்.

சந்தேகமிருந்தால் அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடமோ 104 மருத்துவ உதவி எண்ணிலோ கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.