ஆறாம் வசனத்தின் பின்பாதி

சென்ற வாரம் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். போதகர் 1 பேதுரு 3ஆம் அதிகாரத்தின் ஆறாம் வசனத்தை எடுத்தார். சாராள் ஆபிரகாமை ஆண்டவன் என்று சொல்லி அவனுக்குக் கீழ்ப்படிந்திருந்தாள் என்று வாசித்தார், மணப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தார், வேதாகமத்தை மூடிவிட்டார். ஆனால் வசனம் அங்கே முடியவில்லை. "நீங்கள் நன்மைசெய்து ஒரு ஆபத்துக்கும் பயப்படாதிருந்தீர்களானால் அவளுக்குப் பிள்ளைகளாயிருப்பீர்கள்" என்று தொடர்கிறது. எத்தனையோ கலியாணங்களில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தப் பின்பாதியை விளக்கிய ஒருவரையும் கண்டதில்லை.

பேதுருவின் இந்த நிருபம், அதாவது கடிதம், மனைவிகளைக் கீழ்ப்படியச் சொல்லவில்லை என்று நான் வாதாட வரவில்லை. சொல்கிறது. அதுவும், முரட்டு எஜமான்களுக்கும் அடங்கியிருங்கள் என்று வேலைக்காரருக்குச் சொன்ன கையோடு, 'அந்தப்படி மனைவிகளே' என்று தொடங்குகிறது. எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் யாருக்கு எழுதியது? வசனத்துக்குக் கீழ்ப்படியாத, அதாவது கிறிஸ்தவ விசுவாசத்தை ஏற்காத புருஷனோடு வாழ்கிறவர்களும் அதில் உண்டு. கணவன் வணங்கும் தெய்வங்களை மட்டுமே மனைவி வணங்க வேண்டும், அந்நிய வழிபாடுகளுக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் புதுமணத் தம்பதிக்குப் புத்தி சொன்ன காலம் அது. அந்தக் கதவைத் திறந்துகொண்டு சபைக்கு வந்தவள், அன்றைய கணக்கில் மிகப் பெரிய விஷயத்தில் ஏற்கெனவே கீழ்ப்படியாதவள். அவளிடம்தான் 'பயப்படாதே' என்கிறார். நம் வேதாகமத்தில் 'ஆபத்து' என்றிருக்கும் இடத்தில் கிரேக்கச் சொல் திகிலைக் குறிப்பது. மிரட்டல் என்றும் கொள்ளலாம். அது எந்த வீட்டுக்குள்ளிருந்து வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

(சாராள் 'ஆண்டவன்' என்று சொன்ன இடத்தையும் ஆதியாகமம் 18இல் பாருங்கள். கணவனின் முதுமையை நினைத்து உள்ளுக்குள் நகைக்கிறாள். மூன்று அதிகாரம் தள்ளி, சாராள் சொல்வதையெல்லாம் கேள் என்று தேவனே ஆபிரகாமுக்குக் கட்டளையிடுகிறார். அதையும் மேடையில் கேட்டதில்லை.)

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளரான இரத்தசாட்சி ஜஸ்டின் எழுதியிருக்கிறார். அவள் கிறிஸ்தவளானாள், கணவன் பழைய ஒழுக்கக்கேட்டை விடவில்லை. பிரிந்துவிட நினைத்தாள். அவன் திருந்தக்கூடும், பொறுத்திரு என்றார்கள் அவளைச் சேர்ந்தவர்கள். நமக்குப் பழகிய ஆலோசனைதான். மனதைக் கட்டாயப்படுத்திக்கொண்டு இருந்தாள். அலெக்சாந்திரியாவுக்குப் போன கணவன் அங்கே இன்னும் கேடாக நடப்பதாகச் செய்தி வந்தது. இனியும் ஒரே பந்தியும் ஒரே படுக்கையும் என்றால் அவன் பாவத்தில் தானும் பங்காளியாவேன் என்று விலகல் சீட்டைக் கொடுத்துவிட்டாள். அவனோ இவள் கிறிஸ்தவள் என்று குற்றம் சாட்டினான். அந்தக் குற்றச்சாட்டுக்கு உயிர் போகலாம். முதலில் என் சொத்து விவகாரங்களை ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன், பிறகு பதில் சொல்கிறேன் என்று அவள் பேரரசருக்கே மனு போட்டு அனுமதியும் வாங்கினாள். அவளை எட்ட முடியாத ஆத்திரத்தில் கணவன் அவளுக்குப் போதித்த தொலெமேயுவின் மேல் பாய்ந்தான். தொலெமேயுவுக்கு மரண தண்டனை கிடைத்தது. ஜஸ்டின் அந்தப் பெண்ணை ஒரு சொல்லாலும் கடிந்துகொள்ளவில்லை. அவள் தீய வழக்கங்களை விட்டதற்கு மகிழ்ந்திருக்க வேண்டிய அந்த 'உத்தமப் புருஷன்' என்று ஏளனமெல்லாம் கணவனுக்குத்தான்.

கலியாண வீட்டின் அடுத்த வசனம் நீதிமொழிகள் 31:10. 'குணசாலியான ஸ்திரீ' என்று படித்தவுடன் அடக்கமும் சமையலும் நினைவுக்கு வருகின்றன. எபிரேயத்தில் அங்கே இருப்பது 'காயில்': வலிமை, படை, வீரம். ஆதிச் சபை வாசித்த கிரேக்க வேதாகமமும் தைரியத்தைக் குறிக்கும் சொல்லையே அங்கே போட்டது. நியாயாதிபதிகள் 6இல் தேவதூதன் கிதியோனை அழைக்கும்போதும் அதே 'காயில்' வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பு 'பராக்கிரமசாலியே' என்கிறது. அந்த நேரத்தில் கிதியோன், எதிரிகளான மீதியானியர் கண்ணில் படாமல் இருக்க திராட்ச ஆலைக்குள் ஒளிந்துகொண்டு கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தார்.