கைத்தடி எந்தக் கையில்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். "நீட்ல மார்க் வரல, பிபிடி சேத்து விடலாமாம்மா?" பிபிடி என்றால் பிசியோதெரபி, அதாவது இயன்முறை சிகிச்சைப் பட்டப்படிப்பு. பிள்ளை பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், ஏதோ எழவு வீடு மாதிரி. அடுத்த கேள்வியும் தெரிந்ததுதான்: "மசாஜ் பண்றதுதானே?"

எனக்குக் கோபம் வருவதில்லை. நானும் அப்படித் தலையைத் தொங்கப்போட்டுப் போனவள்தான். நான் படித்தபோது 4 வருடம் படிப்பு, 6 மாதம் இன்டெர்ன்ஷிப். எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எங்கே முடிகிறது என்று முதல் வருடம் முழுக்க மனப்பாடம். பிறகு கினீசியாலஜி, பயோமெக்கானிக்ஸ்: உடம்பு எப்படி அசைகிறது, அதில் எந்த விசை எங்கே வேலை செய்கிறது என்ற பாடங்கள். அதிலும் மனப்பாடம்தான். நடக்கும்போது ஒரு கால் தரையில் இருப்பது 60 சதவீத நேரம், காற்றில் 40. எழுது, மார்க் வாங்கு. மனுசன் எப்படி நடக்கிறான் என்று சொல்லித்தரும் பாடத்தை, ஒரு மனுசனையும் நடக்கவிட்டுப் பார்க்காமலே முடித்தோம். என் ஆதங்கம் அதுதான்.

ஒரு பரீட்சையில் கைத்தடி கேள்வி வந்தது. இடுப்பு மூட்டில் வலி என்றால் தடி எந்தக் கையில்? வலிக்கிற பக்கத்துக்கு எதிர்க்கையில். ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியப் பார்க்கும். சரியவிடாமல் இழுத்துப் பிடிப்பது பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசை. மூட்டுக்கு ரொம்பக் கிட்டே நின்று இழுப்பதால் கூடுதல் பலம் போட்டாக வேண்டும். (கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள்.) அந்த இழுப்பும் சேர்ந்து, உடல் எடையைப்போல 2 மடங்குக்கு மேல் பாரம் மூட்டில் ஏறுகிறது. எதிர்க்கையில் உள்ள தடி மூட்டைவிட்டுத் தள்ளி இருப்பதால், லேசாக ஊன்றினாலே தசைக்கு வேலை குறையும். படம் போட்டு, அம்புக்குறி வரைந்து, பிரமாதமாக எழுதிவிட்டு வந்தேன். வீட்டில் என் ஆயா (பாட்டி), வலிக்கிற வலது இடுப்புக்கு வலது கையிலேயே தடியை ஊன்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரெண்டு வருடமாக அப்படித்தான். அன்றுவரை என் கண்ணில் படவில்லை.

தடியைக் கை மாற்றிக் கொடுத்தேன். நாலைந்து நாள் தடுமாற்றம், எனக்குத் திட்டு. அப்புறம் தெருமுனைக் கடைவரை நடுவில் உட்காராமல் போய் வந்தது. "இதச் சொல்றதுக்கா இத்தினி வருசம் படிச்ச?"

2021இல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தபிறகு இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே போகிறது. பக்கவாதம் வந்தவர் வீட்டில் போய் நின்று பாருங்கள். பிடித்து நடக்கக் கம்பி கிடையாது. கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடுவே ஒரு படி, வழுக்கும் சிமெண்டுத் தரை. அந்தப் படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்பதுதான் அன்றைய கேள்வித்தாள்.

சீட்டு விசாரிக்க வருகிறவர்களிடம் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். ஒருநாள் விடியற்காலை பிள்ளையை முதுநகர் துறைமுகத்துக்குக் கூட்டிப் போங்கள். தலையில் மீன் கூடையோடு வரும் அக்காக்களின் கழுத்தையும் இடுப்பையும் முட்டியையும் அரைமணி நேரம் பார்க்கட்டும். போரடித்தால் பி.காம் சேர்த்துவிடுங்கள், அதுவும் நல்ல படிப்புதான்.