மைனர் எடுத்தால் இரண்டு பட்டம் வராது
சர்வதேச வணிகத்தை மைனராக, அதாவது முதன்மைப் பாடத்துக்குத் துணையாகப் படிக்கும் சிறு பாடப்பிரிவாக, எடுத்தால் இரண்டு பட்டம் கிடைக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படி இல்லைங்க. மைனர் தனிப் பட்டம் அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும். மைனருக்குப் பெரும்பாலும் 15 முதல் 18தான், அதாவது ஐந்தாறு பாடங்கள். உதாரணமாக, இந்த மைனரோடு இயந்திரவியல் படித்தவர் வாங்குவது இயந்திரவியல் பட்டம் ஒன்றே. மதிப்பெண் பட்டியலில் 'மைனர்: சர்வதேச வணிகம்' என்று ஒரு வரி கூடுதலாக வரும். (அந்நியச் செலாவணி, ஏற்றுமதி விதிகள் எல்லாம் கற்றுக்கொள்வது வேலைக்கு உதவும், அது வேறு விஷயம்.) சந்தேகம் இருந்தால், சேரப்போகும் கல்லூரியின் பாடத்திட்டக் கையேட்டில் 'மைனர்', 'இரட்டைப் பட்டம்' இரண்டு பகுதிகளையும் திறந்து, கேட்கும் கிரெடிட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.