புள்ளி வைத்துக் கூப்பிட்டால் யார் வருவார்?

நேற்றுச் சாயங்காலம் என் ஆச்சி (அக்கா) மகள் லேப்டாப்போடு வந்து முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தாள். "அம்மான், வீட்ல ஓடுன புரோகிராம் காலேஜ் லேப்ல எரர் காட்டுது. ஒரு எழுத்துகூட மாத்தலை."

ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழி. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என நாலு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) உள்ள ஒரு அரே, அதாவது வரிசை. உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இன்டு_ஐட்டரை அதில் போட்டு, நீளக்கூடிய பட்டியலான ஸ்ட்ரிங் வெக்டாராகச் சேர்த்திருந்தாள். வீட்டில் ரஸ்டின் புராஜெக்ட் கருவியான கார்கோவில் ஓட்டியிருக்கிறாள்; புது புராஜெக்ட் தொடங்கும்போது அது எடிஷனைத் தானே குறித்துவிடும். லேபில் ரஸ்ட்சி என்ற கம்பைலர் (புரோகிராமை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) கமாண்டை நேராக அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடிஷன் (மொழி விதிகளின் தொகுப்பு) எது என்று சொல்லாவிட்டால் ரஸ்ட்சி 2015 எடிஷனைத்தான் எடுத்துக்கொள்ளும். விஷயம் அவ்வளவுதான், ஆனால் பிள்ளை இரண்டு நாள் தூங்கவில்லை.

புள்ளி வைத்து ஒரு மெத்தடை, அதாவது மதிப்போடு சேர்ந்த செயலை, கூப்பிட்டால் கம்பைலர் முதலில் அந்த மதிப்பிடமே அந்த மெத்தட் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அதன் ரெஃபரன்ஸிடம் (மதிப்பைத் தூக்காமல் சுட்டிக்காட்டுவது) தேடும். முன்பு அரேயிடம் நேரடி இன்டு_ஐட்டர் கிடையாது, ரெஃபரன்ஸிடம்தான் இருந்தது. அதனால் கைக்கு வந்ததெல்லாம் ரெஃபரன்ஸ். 2021 ஜூனில் 1.53 பதிப்பு அரேக்கே அதைக் கொடுத்தது. விதிப்படி விட்டிருந்தால் பழைய புரோகிராம்களின் அர்த்தமே மாறியிருக்கும். அதனால் 2015, 2018 எடிஷன்களில் புள்ளி வைத்துக் கூப்பிடும்போது மட்டும் புதியதைத் தாண்டிப் போகும்படி கம்பைலரில் ஒரு விலக்கு வைத்தார்கள். லேபில் ஸ்ட்ரிங்குக்குப் பதில் ரெஃபரன்ஸ் வந்து எரர் ஆனது இதனால்தான். 2021 எடிஷனிலிருந்து மதிப்பே கையில் வரும். ஃபார் லூப் புள்ளி வழியாகப் போவதில்லை. 1.53க்குப் பிறகு எல்லா எடிஷனிலும் அதற்கு மதிப்புதான்.

"கல்யாண வீட்டுல பரப்பின சாமானைப் பட்டியல் பாத்து எண்றது வேற, பாத்திரத்தையே தூக்கிட்டுப் போறது வேற இல்லையா?" என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

இந்த விலக்கை அசிங்கம் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். நேற்று ஓடியது நாளைக்கும் ஓடும் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு விதிவிலக்கு வைத்தால் அது பெருந்தன்மை. என் ஆதங்கமெல்லாம் சொல்லிக்கொடுக்கும் முறை மேல்தான். "இன்டு_ஐட்டர் என்றால் உரிமை கைமாறும்" என்ற ஒரே வரியோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள். போன வாரம் இவள் எண்களைக் கூட்டிப் பார்த்தது லேபிலும் ஓடியிருக்கிறது, ஏனென்றால் ரெஃபரன்ஸானாலும் எண்ணைக் கூட்டலாம். அப்போதே கம்பைலர் எச்சரிக்கை காட்டியது. அதை நிறுத்திப் படிக்கச் சொல்ல ஆளில்லை. ஆசிரியர்களே, தயவுசெய்து எடிஷனையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். வெறுமனே பார்ப்பதற்கென்றால் ரெஃபரன்ஸ் மட்டும் தரும் ஐட்டர் என்றே எழுதப் பழக்குங்கள்.

எடிஷன் 2021 என்று கமாண்டில் சேர்த்ததும் நாலு ஊரும் திரையில் வந்தன. உடனே அடுத்த கேள்வி: "பாக்ஸுக்குள்ள ஸ்லைஸ் இருந்தா, அம்மான்?" பாக்ஸ் என்பது மதிப்பை வேறிடத்தில் வைத்துக்கொள்ளும் பெட்டி, ஸ்லைஸ் என்பது தொடர்ந்து வரும் மதிப்புகளின் வரிசை. அதற்கும் இதே கதைதான், 2024 எடிஷனில் மாறியது என்றேன். அதையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட எழுந்தாள்.