கம்பி போட்டாயிற்று, மின்சாரத்தின் தரம் என்ன ஆயிற்று?

நம் நாட்டின் அகல ரயில் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இந்தச் சாதனை எப்போதும் கிலோமீட்டரில்தான் சொல்லப்படுகிறது. ரயில் இழுக்கும் மின்சாரம் மின்வாரியத்தின் மின்தடத்தில் என்ன செய்துவிட்டுப் போகிறது என்பதற்கும் ஒரு பொதுக் கணக்கு வேண்டும் என்பது என் கருத்து.

மின்வாரியம் அனுப்புவது மும்முனை மின்சாரம். ரயிலுக்கு மேலே ஓடுவதோ 25,000 வோல்ட் ஒருமுனைக் கம்பி. அதனால் ரயில்வேயின் துணை மின்நிலையம் 110 கிலோவோல்ட் மின்தடத்தின் மூன்று ஃபேஸ்களில் (முனைகளில்) இரண்டிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்கிறது. 12,000 குதிரைத்திறன் கொண்ட ஒரு சரக்கு இன்ஜின் முழுத் திறனில் இழுக்கும்போது கம்பியிலிருந்து ஏறத்தாழ 360 ஆம்பியர் எடுக்கும். வண்டி அந்தத் துணை மின்நிலையத்தின் எல்லையைத் தாண்டியதும் அத்தனை சுமையும் சட்டென்று இறங்கிவிடும்.

அடுத்த துணை மின்நிலையம் வேறு இரண்டு ஃபேஸ்களை எடுத்துக்கொள்வதால் எல்லாம் சமமாகிவிடும் என்பார்கள். இரண்டு பகுதிகளிலும் ஒரே நேரத்தில் ஒரே பளுவோடு வண்டிகள் ஓடினால்தானே அது நடக்கும்? இப்பகுதிகளுக்கு நடுவே மின்சாரம் பாயாத நியூட்ரல் செக்ஷன் இருக்கும். லோகோ பைலட் அங்கே பிரேக்கர் என்ற மின்சுவிட்சைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்து, வந்த வேகத்திலேயே வண்டியை உருளவிட்டு, கடந்த பின் மீண்டும் மூடுவார். மின்சார ரயிலில் இரைச்சல் திடீரென்று அடங்கி, மின்விசிறி சுணங்கி, சில நொடிகளில் எல்லாம் திரும்பிவருவது பல நேரங்களில் இதனால்தான். பழுது என்று நினைத்து மேலே பார்க்கும் பயணிகளை இன்றும் காணலாம்.

சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடம் 1931இல் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. நேர்மின்சாரமாக மாற்றும் கருவிகள் மூன்று ஃபேஸ்களிலும் சுமையைப் பகிர்ந்துகொண்டதால், ஃபேஸ்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு வரும் இந்தச் சிக்கல் அன்று இல்லை. ஆனாலும் 1960களில் 25 கிலோவோல்ட்டுக்கு மாறியது சரியான முடிவே. கம்பிக்கான செம்பும் மிச்சம், துணை மின்நிலையங்களும் குறைவு. அந்த மிச்சத்தின் ஒரு பகுதியை அண்டை நுகர்வோர் சுமக்கிறார் என்பதுதான் என் வருத்தம். மூன்று ஃபேஸ்களின் மின்னழுத்தத்தில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தால் அதே மின்தடத்திலிருந்து மின்சாரம் பெறும் மும்முனை மோட்டாரின் மின்னோட்டத்தில் 6 முதல் 10 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு வரும். மோட்டாருக்குள் எதிர்த்திசையில் சுழலும் காந்தப்புலம் ஒன்று உருவாகிச் சூட்டைக் கிளப்பும்; காயில் எரிந்தால் ரீவைண்டிங் செலவு ஆலைக்காரருடையது.

புதிய இன்ஜின்கள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டயோடு ரெக்டிஃபையர் வைத்த பழைய இன்ஜின்கள் ஹார்மோனிக்ஸை, அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அலையைச் சிதைக்கும் 150, 250, 350 ஹெர்ட்ஸ் கூடுதல் அலைகளை, அள்ளிக் கொட்டின. எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வேலைக்குப் பயன்படுகிறது என்று காட்டும் பவர் ஃபேக்டரைத் தூக்கிநிறுத்தக் கெப்பாசிட்டர் பேங்க் தேவைப்பட்டது. ஐஜிபிடி என்ற வேகமான மின்னணு சுவிட்சுகள் வைத்த புதிய இன்ஜின்களில் பவர் ஃபேக்டர் ஏறத்தாழ 1. பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பியும் தருகின்றன. இருந்தும் எடுப்பதும் தருவதும் ஒருமுனையில்தான் என்பதால் ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கிறது. ஹார்மோனிக்ஸும் உயர்ந்த அலைவரிசைக்கு இடம் மாறியிருக்கிறதே தவிர ஒழிந்துவிடவில்லை. 1995இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் பகுதியில் நவீன இன்ஜின்கள் பல, தம் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் குறிப்பிட்ட அலைவரிசையில் அலைகள் பெருகும் மின்தடத்தின் ஒத்ததிர்வுக்கும் ஒத்துப்போகாமல் தாமாகவே அணைந்து நின்றன.

தீர்வுகள் புதியவை அல்ல. மூன்று ஃபேஸ்களிலிருந்தும் எடுத்துத் துணை மின்நிலையத்தின் இரு பக்கத்து ரயில் பாதைக்கும் பிரித்துத் தரும் ஸ்காட் இணைப்பு மின்மாற்றிகளை ஜப்பான் தன் ஷிங்கன்சென் தடங்களில் பயன்படுத்தியது. இரு பக்கமும் சுமை சமமாக இருந்தால்தான் அதுவும் முழுப் பலன் தரும். மீதியை மின்னணுச் சமநிலைக் கருவிகள் பார்த்துக்கொள்ளும். விலை அதிகம்தான். எங்கே அவை அவசியம் என்று முடிவு செய்ய அளவீடு கையில் இருக்க வேண்டாமா?

ஆகவே ஒவ்வொரு ரயில்வே துணை மின்நிலையத்திலும் பதிவாகும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வையும் ஹார்மோனிக்ஸையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தைத் திருத்துவதற்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. தொழில்முனைவோர் சங்கங்கள் யூனிட் விலையோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தக் கோரிக்கையையும் அங்கே எழுத்துமூலம் வைக்கலாம்.