ட்ராமா சர்ஜனைத் தேடி ஓட வேண்டாம்

மேலே ஒரு அண்ணன், “அடிபட்டா சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியில நேரத்தை வீணாக்காதீங்க, நல்ல ட்ராமா சர்ஜனா விசாரிச்சு காரிலேயே ஈப்போவுக்கு ஓட்டிடுங்க”ன்னு எழுதியிருக்கார். அண்ணே, இது ஆபத்து. ட்ராமா சர்ஜன், அதாவது பலத்த அடிபட்டவங்களுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர், நாம விசாரிச்சுப் பிடிக்கிற ஆளில்ல. அவசரப் பிரிவுதான் அவரைக் கூப்பிடும். அதுக்கு முன்னாடி மூச்சையும் ரத்தப்போக்கையும் யாராவது கவனிக்கணும். சுங்கை சிப்புட் மாதிரி மாவட்ட ஆஸ்பத்திரியில அதைத் தொடங்கிட்டு, தேவைன்னா ஆம்புலன்சுல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. செம்பனைக் குலை (எண்ணெய்ப் பனையோட பழக்குலை) விழுந்து கழுத்துல அடிபட்டவரை பின்சீட்டுல மடக்கிப் போட்டா, தப்பிச்ச தண்டுவடமும் போயிடலாம். மலேசியாவுல ஆம்புலன்சுக்கு 999 அடிங்க.

கை கால் முறிவுக்கு எலும்பு டாக்டர் வேற. வயிறு, நெஞ்சுக்குள்ள ரத்தம் கசியற மாதிரி காயங்கள்தான் ட்ராமா சர்ஜனோட முக்கிய வேலை. நிலைமை மோசம்னா முதல்ல துணி வச்சு அடைச்சு ரத்தத்தை மட்டும் நிறுத்துவார். மிச்ச ஆபரேஷன் ஓரிரு நாள் கழிச்சுத்தான்.