பாங்காய் மீனும் கடல் முள்ளெலியும்

இந்தோனேசியாவில் சுலவேசிக்குக் கிழக்கே உள்ள பாங்காய் தீவுகளுக்கே உரிய கார்டினல் மீன் அருகிவருவதற்கு அலங்கார மீன் வணிகம் ஒன்றையே நான் படித்த ஒரு கட்டுரை காரணமாகக் காட்டுகிறது. 2007இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு அவ்வணிகம் இம்மீனைப் பாதித்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வாழிடத்தைப் பற்றிக் கட்டுரை ஏறக்குறைய எதுவுமே சொல்லாதது பெருங்குறை.

ஆழம் குறைந்த கரையோரத்தில், நீண்ட கரிய முட்கள் கொண்ட கடல் முள்ளெலிகளின் நடுவே கூட்டமாக நிற்கும் இம்மீனின் வெள்ளி உடலில் உள்ள கரும்பட்டைகள், முட்களின் நிழலோடு கலந்து அதை மறைத்துவிடுகின்றன. சின்னஞ்சிறு குஞ்சுகளோ பூப்போன்ற கடல் உயிரிகளான கடற்சாமந்திகளின் இழைகளுக்குள்ளும் ஒதுங்குகின்றன. உள்ளூரில் உணவுக்காக முள்ளெலி, கடற்சாமந்தி இரண்டையும் அள்ளிச் செல்லும்போது குஞ்சுகள் போக்கிடமின்றிப் பிற மீன்களுக்கும், ஏன், தம் இனத்துப் பெரிய மீன்களுக்குமே இரையாகின்றன.

ஏனைய பவளப்பாறை மீன்கள் பலவற்றின் இளம் உயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து வேறு பாறைகளைச் சென்றடையும். இங்கோ ஆண் மீன் முட்டைகளை ஏறத்தாழ மூன்று வாரம் வாயிலேயே சுமந்து, பொரித்த குஞ்சுகளையும் சில நாள் அங்கேயே வைத்திருந்து, பிறந்த இடத்திலேயே வெளிவிடுகிறது. ஆகவே ஒரு விரிகுடாவில் இம்மீன் அற்றுப்போனால், பக்கத்துத் தீவிலிருந்து தானாக வந்து நிரப்ப வழியில்லை. வணிகர்கள் கொண்டுவந்து விட்ட, வடக்குச் சுலவேசியின் லெம்பே நீரிணையில் இது செழித்திருப்பது விந்தைதான். அங்கு இது வந்தேறி இனம் என்பதால் அதைப் பாதுகாப்பின் வெற்றியாகக் கணக்கிட முடியாது.